தொகுராவின் சுட்டுவிரல்

ஆட்டத்தில் பந்து பிடிக்கிறவன் ஒருவன். ஆட்டத்துக்கு வெளியே பந்து பிடிக்கிறவன் நான். ஹமாமாட்சு நாரைகள் பேஸ்பால் அணியில் என் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வலப்பக்கப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே, கூரை தலையில் இடிக்கிற, புல்பென் என்கிற அந்தப் பயிற்சி அறையில், அடுத்து மைதானத்துக்குப் போகவேண்டிய பிட்சரின் தோள் சூடாகும்வரை அவன் எறிவதைக் குந்தியிருந்து பிடிப்பேன். சுவரில் தொலைபேசி அடிக்கும். பயிற்சியாளர் ஷிராஹமா எடுப்பார், ஒரு பெயர் சொல்வார். பெயருக்குரியவன் போவான். நான் கையுறையைத் தட்டிவிட்டு அடுத்தவனுக்காகக் குந்துவேன்.

தொகுராவும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்த பையன்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நாளில் நாரைகள் சொன்ன முதல் பெயர் அவனுடையது, கடைசிப் பெயர் என்னுடையது. ஒரே வருஷம் சேர்ந்தவர்களுக்குள் அண்ணன் தம்பி கிடையாது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். ஆகவே அவன் ஜப்பான் முழுக்கப் பெயர் வாங்கிய பிறகும் எனக்கு 'தொகு'தான். நான் அவனுக்கு 'இசோ'. மற்றவர்கள் முன்னால் மட்டும் மரியாதையாக 'தொகுரா சான்' என்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான்.

ஆரம்பத்தில் அவன் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற பிட்சர். முதல் இன்னிங்ஸில் புலி, ஐந்தாவதில் பூனை. ஒருநாள் அப்போதிருந்த மேனேஜர் கடுப்பாகி, "உன் பொறுமை ஒரே ஒரு இன்னிங்ஸுக்குத்தான் காணும். அந்த ஒண்ணையாவது ஒழுங்காப் போட்டுத் தொலை" என்று ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் அவனை இறக்கினார். திட்டுவதற்காகச் செய்தது. தொகுரா மூன்று பேரையும் நிற்கவைத்து அவுட்டாக்கிவிட்டு வந்தான். அதிலிருந்து பதினோரு வருஷம் ஒன்பதாவது அவனுடையதாக இருந்தது. ஒன்றோ இரண்டோ ஓட்டம் முன்னால் இருந்தால் போதும், அவன் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவான். பத்திரிகைகள் காவல் தெய்வம் என்று எழுதின. அவன் பந்து எறியும் மேட்டில் ஏறியதும் பாதிக் கூட்டம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடும். ஒரு பிட்சருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அவனுடைய ஆயுதம் ஃபோர்க். சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்றாகப் பிளந்து நடுவில் பந்தைச் செருகி எறிவது. நேராக வருவதுபோல வந்து, அடிப்பவன் முன்னால் வந்ததும் காலடியில் விழுந்துவிடும். மட்டை மேலே காற்றை வெட்டும். அடிக்கத் தவறினால் ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு தொகுரா ஃபோர்க்கைத் தவிர வேறு எதையும் எறியமாட்டான் என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியாது. அதுதான் அவன்.

கடைசிக்குக் காத்திருப்பவனின் பிழைப்பு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆறாவது இன்னிங்ஸ் வந்ததும் அவனுக்கு உடம்பில் எறும்பு ஏறிவிடும். போய்க் கை கழுவுவான். வந்து ஒரு ஆரஞ்சை உரிப்பான், தின்னமாட்டான், அடுத்ததை உரிப்பான். மறுபடி கை கழுவுவான். தொலைபேசி அடித்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். நாங்கள் முன்னால் இருந்தால் அவனுக்கு வேலை உண்டு, பின்னால் போனால் வேலை இல்லை, மறுபடி முன்னால் வந்தால் மறுபடி உண்டு. ஒரே ஆட்டத்தில் மூன்று முறை தோளைச் சூடாக்கிவிட்டுக் கடைசியில் ஒரு பந்துகூட எறியாமல் வீட்டுக்குப் போன நாள்கள் ஏராளம். அதையெல்லாம் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. தோள் மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

அந்த வருஷம் ஆகஸ்டில் அவனுக்கு அடி விழத் தொடங்கியது. ஒசாகாவில் ஒன்று, சொந்த மைதானத்தில் ஒன்று, ஃபுகுவோகாவில் காதைப் பொத்திக்கொள்ளவேண்டியதாக ஒன்று. மேனேஜர் ஓபாதா நிருபர்களிடம், "இன்னொரு தடவை ஆட்டம் கைவிட்டுப் போனா, ஒன்பதாவதை யார்கிட்டக் குடுக்கிறதுன்னு யோசிப்பேன்" என்று சொன்னது மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. எட்டாவதில் எறிகிற காஜி இளையவன், தோள் புதிது. யார் என்பது யாருக்கும் கேள்வியில்லை.

அன்று காலை புல்பென்னுக்கு அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்தான் தொகுரா.

"இசோ, காஜிக்கு முன்னாடி நம்ம அணியில எட்டாவது போட்டவன் யாருடா?"

யோசித்தேன். "கொஞ்சம் குண்டா இருப்பானே..."

"அதுக்கு முன்னாடி?"

எனக்கு வரவில்லை.

"பாத்தியா. அவன் எறிஞ்சதையெல்லாம் பிடிச்சவன் நீ. உனக்கே பேரு வரல. ஒன்பதாவது போடுறவனைத்தான்டா ஞாபகம் வெச்சுக்குவாங்க. எட்டும் ஏழும் டிபன் வாங்கப் போற நேரம்." பத்திரிகையைக் குப்பைக்கூடையில் எறிந்தான். குறி தவறியது. எடுத்து மறுபடி எறிந்தான்.

நான் விரலைக் கவனித்தது அந்த வாரத்தில்தான். பிட்சர்கள் இடது கையில் மாட்டுகிற கையுறையில், சுட்டுவிரலை மட்டும் வெளியே எடுத்து முதுகுத்தோலின் மேல் வைத்துக்கொள்வது வழக்கம். தொகுரா நெஞ்சுக்கு முன்னால் கையுறையை வைத்து, அதற்குள் பந்தைப் பிடிமானம் பார்ப்பான். நேர்ப்பந்து என்றால் அந்த வெளிவிரல் அசையாது. ஃபோர்க் என்றால் தோலைவிட்டுக் கொஞ்சம் எழும்பும். முன்பெல்லாம் இது இல்லை. பிடி தளர்ந்துபோய், பந்தை இன்னும் ஆழமாகச் செருக அழுத்துகிறான், அந்த அழுத்தத்துக்கு விரல் எழுகிறது. நான் குந்தியிருக்கும் இடத்திலிருந்து தெரிகிறதென்றால், ஆட்டத்தில் பந்து பிடிக்கிற கேட்சருக்குப் பக்கத்தில் மட்டை பிடித்து நிற்கப்போகிறவனுக்கும் தெரியும்.

இப்படி ஒன்றைக் கண்டால் பிட்சரிடம் சொல்வதா வேண்டாமா என்பது எங்கள் தொழிலில் தீராத வழக்கு. சொன்னால் அவன் அடிப்பவனை விட்டுவிட்டுத் தன் விரலையே நினைத்துக்கொண்டிருப்பான். சொல்லாவிட்டால் அடி வாங்குவான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதிய ஆட்டம் முடிந்து, ரயில் நிலையத்துக்குப் பின்னால் வழக்கமாகப் போகும் கடையில், வட்டமாக அடுக்கிய கியோசாக் கொழுக்கட்டைத் தட்டு வந்து நடுவில் முளைப்பயறு ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

தொகுரா குச்சியைக் கீழே வைத்தான். "எப்பவுமா?"

"எப்பவும்."

"நேர்ப்பந்துக்கு?"

"இல்லை."

"எவ்வளவு எழும்புது? காட்டு."

காட்டினேன். சிரித்தான். "இவ்வளவுதானா? ஈ உக்காந்தா ஓட்டுற மாதிரி இருக்கு." பிறகு சிரிப்பு நின்றது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"உன்கிட்டதான்."

"சொல்லாதே. யுவாசாகிட்டயும் சொல்லாதே. அவன்கிட்ட சொன்னா கேட்சர்களோட பயிற்சியாளர்கிட்டப் போகும், அங்கேருந்து மேனேஜர்கிட்டப் போகும். ஓபாதாவுக்கு ஒரு சாக்குதான் வேணும்."

யுவாசா எங்கள் ஆட்டக் கேட்சர், எந்தப் பந்து போடுவது என்று பிட்சருக்கு விரலால் சைகை காட்டுகிறவன். பல வருஷம் இரண்டாம் அணியில் கிடந்து, அந்த வருஷம்தான் முதல் அணியில் நிலையான இடம் பிடித்தவன். அதே கோடையில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கையுறைக்குள் குழந்தையின் படத்தை ஒட்டிவைத்து எங்களிடம் கிண்டல் வாங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து புல்பென்னில் தொகுரா என்னென்னவோ செய்து பார்த்தான். விரலைக் கையுறைக்குள் வைத்து எறிந்தான், பந்து என் தலைக்கு மேலே சுவரில் போய் அடித்தது. விரலைத் தோலோடு பசைநாடாவால் ஒட்டிக்கொண்டான், நடுவர் அனுமதிக்கமாட்டார் என்று ஷிராஹமா பிய்த்தெறிந்தார்.

"என்னாச்சு இவனுக்கு?" என்று ஷிராஹமா என்னிடம் கேட்டார்.

"நகம் வலிக்குதாம்" என்றேன்.

"நகம் வலிச்சா நகத்தை வெட்டச் சொல்லு. என் சுவத்தை ஏன் உடைக்கிறான்?"

கடைசியில் ஒருநாள் தொகுரா என் அருகில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இசோ, நிறுத்த வேண்டாம்டா. தூக்குவோம்."

"என்னத்தை?"

"விரலைத்தான். நேர்ப்பந்துக்கும் தூக்குறேன். ஃபோர்க்குன்னு நம்பி மட்டையைக் கீழே வீசுவான். பந்து மேலே போய்க்கிட்டிருக்கும்."

"யுவாசா நேர்ப்பந்துக்குச் சைகை குடுக்கணுமே. ரெண்டு ஸ்ட்ரைக் ஆனா அவன் உனக்கு ஃபோர்க்தானே குடுப்பான்?"

"குடுக்கட்டும்."

"நீ வேண்டாம்னு தலையாட்டினா?"

"நான் என்னைக்குடா தலையாட்டியிருக்கேன்? ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் நான் தலையாட்டினா, ஏதோ வேற வருதுன்னு மட்டை பிடிக்கிறவன் மட்டுமில்ல, மாடத்துல டிரம்ஸ் அடிக்கிறவன்கூடக் கண்டுபிடிச்சுடுவான்."

உண்மைதான். ஆனாலும் சொன்னேன். "யுவாசா மண்ணுல விழப்போற பந்துக்குத் தயாரா இருப்பான், தொகு."

"முட்டி உயரத்துல போடுறேன். அவன் கையுறை அங்கதானே இருக்கும்? நேர்ப்பந்தைத் தூக்கத்துல பிடிப்பான் யுவாசா." பேச்சு முடிந்தது என்பதுபோல ஒரு ஆரஞ்சை என் கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

செப்டம்பரின் மூன்றாவது ஞாயிறு, மதிய ஆட்டம். கடலிலிருந்து காற்று மைதானத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது வந்தபோது நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். தொலைபேசி அடித்தது. ஷிராஹமா எடுத்து, "தொகுரா" என்றார்.

போகும் முன் அவன் கையுறையால் என் தொப்பியில் தட்டினான். பதினோரு வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை. நான் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

முதல் ஆள் தரையில் அடித்து அவுட். இரண்டாவது ஆள் ஃபோர்க்கைத் தொடவே இல்லை, குறி தப்பிய நான்கு பந்தையும் விட்டுவிட்டு, விதிப்படி முதல் தளத்துக்கு நடந்து போனான். அவன் பார்த்தது பந்தையல்ல, கையுறையை. மூன்றாவது ஆள் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டான். நாலாவது ஆள் உயரே அடித்தது பிடிபட்டது. இரண்டு அவுட், இரண்டாவது தளத்திலும் மூன்றாவது தளத்திலும் ஆள். மட்டையோடு வந்தவன் ஹாஷிசுமே, எதிரணியின் பெரிய அடிக்காரன். கூட்டம் ரயிலை மறந்து நின்றது.

இரண்டு நேர்ப்பந்தை ஹாஷிசுமே கோட்டுக்கு வெளியே தட்டினான், அதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான். இரண்டு ஸ்ட்ரைக். யுவாசா காலிடுக்கில் விரல்களைக் காட்டுவது திரையில் தெரிந்தது. ஃபோர்க். தொகுரா சரியென்று தலையசைத்தான். கையுறை நெஞ்சுக்கு வந்தது. விரல் எழும்பியது. நன்றாகவே எழும்பியது, யாரும் பார்க்காமல் போய்விடக்கூடாது என்பதுபோல.

ஹாஷிசுமே பார்த்தான். அவன் முட்டி மடங்கியதிலிருந்து அது தெரிந்தது.

பந்து நேராகப் போனது. ஆனால் முட்டிக்குப் போகவில்லை. அவசரத்தில் கைநழுவி நெஞ்சு உயரத்துக்குப் போனது. ஹாஷிசுமே அதற்கு ஒரு சாண் கீழே காற்றை வெட்டினான். மூன்றாவது ஸ்ட்ரைக். ஒரு நொடி ஆட்டம் முடிந்தேபோனது. யுவாசா முழந்தாளிட்டு, மண்ணில் விழும் பந்தை மார்பால் தடுக்கக் குனிந்திருந்தான். பந்து அவன் கையுறையின் நுனியைச் சிராய்த்து, நடுவரின் முகமூடியில் மோதி, எங்கள் அணி உட்காரும் பக்கமாகத் துள்ளி ஓடியது.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால் அடிப்பவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, அவன் முதல் தளத்துக்கு ஓடலாம். ஹாஷிசுமே ஓடினான். மூன்றாவது தளத்தில் இருந்தவன் மட்டை பிடிக்கும் இடமான வீட்டுத்தளத்துக்கு வந்து ஓட்டம் எடுத்தான். யுவாசா புழுதியில் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது தளத்தில் இருந்தவனும் வந்துவிட்டான். தொகுரா வீட்டுத்தளத்துக்கு ஓடிவந்து, கையை நீட்டிக்கொண்டு, வராத பந்துக்காக நின்றான். அடிப்பவனையும் ஏமாற்றினான், தன் கேட்சரையும் ஏமாற்றினான். அடுத்தவனை அவுட்டாக்கினான், ஆனால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் பதிலுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. தோற்றோம்.

பலகையில் பிழை கேட்சரின் பெயரில் விழுந்தது. மாடத்திலிருந்து ஒருவன், "யுவாசா, வலை வெச்சுக்கிட்டு வாடா!" என்று கத்தினான். இன்னொருவன், "விலாங்கு மீனையே பிடிச்சுடலாம், உன்னால பந்தைப் பிடிக்க முடியலையா?" என்றான். யுவாசா கூட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனான்.

நான் உள்ளே போனபோது உடைமாற்றும் அறைக்கு வெளியே கேட்சர்களின் பயிற்சியாளர் முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"சைகை குழப்பமா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"இல்லை. நான்தான் தவறவிட்டேன்."

"நீ குடுத்த சைகை என்ன?"

"நான்தான் தவறவிட்டேன். மன்னிக்கணும்."

ஃபோர்க் கேட்டேன், நேர்ப்பந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கள் தொழிலில் இளையவன் மூத்த பிட்சரைப் பற்றி அப்படி வாயைத் திறக்கமாட்டான். குறிப்பாகக் காவல் தெய்வத்தைப் பற்றி. கேட்டவருக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னதைத்தான் அவர் மேனேஜரிடம் கொண்டுபோக முடியும். சிறிது நேரத்தில் முடிவு வந்துவிட்டது: நாளைக் காலை யுவாசா இரண்டாம் அணிக்கு.

தொகுரா மசாஜ் மேசையில் கவிழ்ந்து படுத்திருந்தான். சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

"யுவாசா என்ன சொன்னான்?"

"தவறவிட்டேன்னு சொன்னான். ரெண்டு தடவையும் அதேதான்."

"மடையன்." எழுந்து உட்கார்ந்தான். இறங்கினான், துண்டை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா?"

"பிழை அவன் பேர்லதான் இருக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒன்பதாவது?"

"இருக்கும்."

"போய்ச் சொன்னா?"

அவன் கேட்டது என்னை அல்ல. கதவுவரை போனான், திரும்பி வந்தான், தண்ணீர்க் குழாயைத் திறந்தான், கையை நனைக்காமலே மூடினான்.

"அவன் பொண்ணு பேரு என்னடா?"

"தெரியலையே."

"கையுறைக்குள்ளேயே ஒட்டி வெச்சிருக்கான், ஒருத்தனும் கேக்கல பாரு." துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "நீயும் வா. விரலைப் பாத்தவன் நீதான்."

மேனேஜர் ஓபாதா தன் அறையில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முன்னாளில் முதல் தளத்தில் ஆடியவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கோப்பையை நகர்த்தினார்.

"யுவாசா தவறவிடல மேனேஜர்" என்றான் தொகுரா. "அவன் ஃபோர்க் கேட்டான். நான் சரின்னுட்டு நேர்ப்பந்து போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏன்?"

தொகுரா என்னைப் பார்த்தான். பிறகு தானே சொன்னான். "ஃபோர்க் போடும்போது என் சுட்டுவிரல் தூக்குது. எதிரணிக்குத் தெரிஞ்சுபோச்சு. இசோபே சொன்னான். அதை வெச்சே ஏமாத்தலாம்னு பாத்தேன்."

ஓபாதா தன் இடது கையைத் தூக்கி, சுட்டுவிரலை மெல்ல அசைத்தார். தொகுராவின் விரல் அசைவதுபோலவே இருந்தது. அதே உயரம்.

"இதுவா?"

நான் தலையாட்டினேன்.

"ஜூலையிலேயே தெரியும்" என்றார் ஓபாதா. "பேட்டிங் பயிற்சியாளர் பாத்துச் சொன்னாரு. ஷிராஹமாவுக்குத் தெரியும். எதிரணிக்கும் அப்பவே தெரியும். உனக்குத்தான் தெரியாம இருந்தது."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவேன்னுதான் இன்னைக்குப் பாத்தோமே."

தொகுரா கழுத்திலிருந்த துண்டை உருவினான். ஓபாதா தொடர்ந்தார்.

"ஜூலை முழுக்க விரல் தூக்கிச்சு. ஜூலை முழுக்க அவுட்டும் எடுத்தே. வர்றது ஃபோர்க்குன்னு தெரிஞ்சும் வீசினாங்க, ஏன்னா அது அப்படி விழுந்துச்சு. ஆகஸ்ட்ல அடி விழுந்தது விரலால இல்லடா. பந்து விழல. அதான் நின்ன இடத்துல நின்னு அடிச்சாங்க." ஓபாதா தேநீரை ஒரு வாய் குடித்தார். "தோள் களைச்சுப்போச்சு. பதினோரு வருஷம் புல்பென்ல எறிஞ்சதையெல்லாம் யாரு எண்ணினா? நான் எண்ணல. எண்ணியிருக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே ஊழியர்கள் புழுதிக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. தொகுரா துண்டின் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான்.

"யுவாசா போகவேண்டாம்" என்றான்.

"போகமாட்டான்."

"ஒன்பதாவது?"

ஓபாதா நேராக அவனைப் பார்த்தார். "சைகைக்குச் சரின்னு தலையாட்டிட்டு வேற பந்து போடுறவன்கிட்ட அதைக் குடுக்க முடியாது. இது நான் சொல்லி உனக்குத் தெரியணுமா?"

"தெரியும்."

"ஏழாவதுல வா. ரெண்டு முறை தோளைச் சூடாக்கச் சொல்லமாட்டேன். ஒரு தடவை சூடாக்கு, ஒரு தடவை போடு, போய் ஐஸ் கட்டிக்கோ."

"சரி" என்று குனிந்து வணங்கினான் தொகுரா. நானும் வணங்கினேன். வெளியே வந்ததும் அவன் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எங்கே போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு முறை தப்பான கதவைத் திறந்தான்.

அடுத்த சனிக்கிழமை, மதிய ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே ஷிராஹமா அவனைப் பார்த்துக் கண்காட்டினார். தொகுராவின் கை அப்போதுதான் முதல் ஆரஞ்சுக்குப் போயிருந்தது.

"இப்பவா?"

"ஏழாவதுன்னா இப்பத்தான். வெயில் இருக்கும்போதே வேலையை முடிச்சுட்டுப் போகலாம், அதிர்ஷ்டக்காரன்."

ஏழாவதில் அவன் மேட்டில் ஏறியபோது கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் பழக்கத்தில் பையைத் தூக்கிவிட்டு, பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். யுவாசா மேடுவரை நடந்து போய் ஏதோ சொன்னான். தொகுரா கையுறையால் அவன் முதுகில் அடித்தான். அது என்னவென்று பிறகு கேட்டேன். "அண்ணே, இன்னைக்கு நான் கேக்கறதைப் போடுவீங்களா, இல்ல நான் நடுவருக்குப் பின்னாடி போய் நிக்கட்டுமான்னு கேட்டான். என்ன திமிரு பாரு."

விரல் எழும்பியது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வார ஓய்வுக்குப் பிறகு பந்து விழுந்தது, பழைய மாதிரியே இல்லையென்றாலும் விழுந்தது. ஒருவன் ஒரு தளம் போனான், மற்ற மூவரும் அவுட்.

வழக்கப்படி அதன்பிறகு அவன் உள்ளே போய், தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு, குளித்துவிட்டு, விரும்பினால் விலாங்குச் சோறு தின்னலாம். ஆனால் எட்டாவது முடியும்போது புல்பென் கதவு திறந்தது. தோள் பெருத்து, ஐஸ் கட்டோடு தொகுரா நின்றான். வேறு எங்கே போவதென்று தெரியாமல் வந்திருப்பான் போலிருக்கிறது. காஜி என் கையுறையில் கடைசிப் பந்தை எறிந்துவிட்டு அவனைப் பார்த்துத் திகைத்தான்.

"என்னைப் பாக்காதே. போ" என்றான் தொகுரா. காஜி வணங்கிவிட்டு ஒன்பதாவதைப் போட ஓடினான்.

நாங்கள் இருவரும் ஷிராஹமாவும் மட்டும் இருந்தோம். நான் கையுறைக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்கினேன். தொகுரா திரையில் கண்ணை வைத்தான், எடுத்தான், வைத்தான். காஜியின் முதல் பந்து வெளியே போனது.

"அவசரப்படுறான். மூச்சு விடுடா. இசோ, மூச்சே விடமாட்டேங்கிறான்." அடுத்ததும் வெளியே. "ஐயோ. இதை எப்படிடா பாத்துக்கிட்டு இருப்பே? பதினோரு வருஷமா?"

"பாத்ததில்லை."

"என்ன?"

"நீ போனதும் கையுறையை எடுத்துக்குவேன். மேலே கூட்டம் போடுற சத்தத்தை வெச்சுத் தெரிஞ்சுக்குவேன். அன்னைக்கு ஒருநாள்தான் விரலைப் பாக்கணும்னு பாத்தேன். என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமா சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. "நான் எறிஞ்சது ஒண்ணையும் பாக்கலையா?"

"இங்க எறிஞ்சது அத்தனையும் பாத்தேன், அது போதாதா?"

அதற்குள் காஜி ஒருவனை அவுட்டாக்கினான். பிறகு ஒரு அடி, பிறகு இன்னொரு அவுட். தொகுராவின் வலது கை தன்னையறியாமல் பிடி மாற்றிக்கொண்டே இருந்தது, நேர்ப்பந்து, ஃபோர்க், நேர்ப்பந்து. ஐஸ் உருகித் தரையில் சொட்டியது. "ஃபோர்க் போடாதே" என்று திரையிடம் சொன்னான். "உன் ஃபோர்க் விழாது. நேரா போடு. நேரா, நேரா." காஜி நேராகப் போட்டான். உயர எழுந்த பந்து நடு மைதானத்தில் கையுறைக்குள் விழுந்தது. மேலே கூரை அதிர்ந்தது.

தொகுரா அசையவில்லை. பிறகு திரும்பினான்.

"ஜெயிச்சா எல்லாரும் ஒருத்தர் கையில ஒருத்தர் தட்டிக்கிறதுக்கு மைதானத்துக்கு வருவாங்களே, அந்த வரிசை. நானும் போகணுமா?"

"இன்னைக்கு நீயும் ஆடினேயில்ல. போகணும்."

"எங்க நிக்கணும்?"

ஒன்பதாவதை முடித்தவன் மேட்டில்தான் நிற்பான், மற்றவர்கள் அவனிடம் வருவார்கள். அவனுக்கு இன்னொரு பக்கமே தெரியாது. "பெஞ்ச்லேருந்து வர்றவங்களோட சேர்ந்துக்கோ" என்றேன்.

அவன் ஐஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு புல்பென் கதவு வழியாக மைதானத்தில் ஓடினான். நான் எண்ணெய்க் கையோடு திரையைப் பார்த்தேன். மைதானத்தில் ஆடியவர்கள் ஒரு வரிசையாக உள்ளே வர, பெஞ்சில் இருந்தவர்கள் எதிர் வரிசையாக வெளியே வந்து கையோடு கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தொகுரா வெளிமைதானத்திலிருந்து ஓடிவந்ததால் ஆடியவர்களின் வரிசையில், காஜிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தான். பெஞ்ச்காரர்கள் எல்லோரும் குழப்பத்தோடு அவன் கையையும் தட்டினார்கள். அவனும் தட்டிக்கொண்டே நடந்தான். யுவாசாதான் சிரித்துக்கொண்டே அவன் சட்டையைப் பிடித்திழுத்து, தோளைப் பற்றித் திருப்பி, காஜிக்கு எதிரே நிறுத்தினான்.